பட்டர்கிரீமும் கையில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சாரும்

வெண்ணெய் ஒரு பங்குக்கு ஐசிங் சுகர் இரண்டு பங்கு சேரும் பட்டர்கிரீமை வீட்டிலேயே அடித்துக் கேக்கின் மேல் பூசுபவர்களுக்கு, அது தம் உடலுக்குள் என்ன செய்கிறது என்று அறியும் ஆவல் இருக்கும். மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் குளுக்கோஸ் சென்சார் ஒன்றை நான் வாங்கியது அதற்காகத்தான்.

நாணய அளவுள்ள அந்த வில்லையிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இறங்கி, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள திரவத்தின் குளுக்கோஸை அளக்கிறது. ஆகவே கைப்பேசியில் தெரியும் எண் இரத்தத்தின் நிலையைவிடச் சில நிமிடங்கள் பிந்தியே வரும். வலி ஏதும் இல்லை. வியர்வையில் ஒட்டின் ஓரம் பிரிந்ததும், அந்தக் கைப்பக்கமாகப் படுத்து அழுத்தியபோது அளவு பொய்யாகத் தாழ்ந்து எச்சரிக்கை ஒலித்து உறக்கத்தைக் கலைத்ததும் குறைகளே.

வெறும் கேக்கை உண்டபோது கைப்பேசிச் செயலியின் வரைபடத்தில் விரைந்து ஏறி இறங்கிய குளுக்கோஸ் கோடு, பட்டர்கிரீமுடன் உண்டபோது மெதுவாக ஏறி, உச்சத்தைத் தாமதமாகவே தொட்டது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும், சர்க்கரையில் பாதியான ஃபிரக்டோஸை இந்தச் சென்சார் அளப்பதே இல்லை என்பதும் தெரியாதவர், தாழ்ந்த கோட்டைக் கண்டு ஃப்ராஸ்டிங் (கேக்கின் மேல்பூச்சு) நல்லது என்றே முடிவு செய்துவிடுவார். செயலியும் அதைப் பச்சை நிறத்தில் காட்டிப் பாராட்டுகிறது. இதுவே இப்பொருளின் மிகப் பெரிய குறை என்பேன்.

ஆயினும் இதன் பயன் மெய்யானது. ஒரே உணவுக்கு மனிதருக்கு மனிதர் சர்க்கரை ஏற்றம் பெரிதும் வேறுபடுவதை, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேரை இத்தகைய சென்சார்களால் கண்காணித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குடல் நுண்ணுயிர்கள், இரத்தப் பரிசோதனை முதலியவற்றைக் கொண்டு அந்த ஏற்றத்தை முன்கூட்டியே கணிக்கவும் அவர்களால் முடிந்தது. ஆளுக்கேற்ற மருத்துவம் மரபணுச் சோதனையோடு நின்றுவிடாமல் அன்றாட உணவு வரை வரும் என்ற நம்பிக்கையை எனக்குத் தருவது இதுதான்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நீரிழிவு இல்லாதவர்களுக்கு ஒரு சென்சாரே போதும், விலையும் குறைவல்ல. கோட்டைப் பார்த்து மருந்தின் அளவைத் தாமாக மாற்றிக்கொள்ளாமல், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையின் முடிவோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ராஸ்டிங்கைப் பொறுத்தவரை, மைதாவைப் பாலில் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து வெண்ணெயுடன் அடிக்கும் எர்மைன் முறையில் சர்க்கரை ஏறக்குறைய வெண்ணெய்க்குச் சமமாக இருந்தாலே போதும் என்பதால், நான் இப்போது அதையே செய்கிறேன்.