விகித அட்டவணையில் விடுபட்ட எண்: எந்த வழி, எப்போது?

நீல வண்ணம் 6 லிட்டருக்கு மஞ்சள் வண்ணம் 14 லிட்டர் என்று கலந்தால் ஒரு குறிப்பிட்ட பச்சை கிடைக்கிறது என்று கொள்வோம். அதே பச்சை வேண்டுமானால் 15 லிட்டர் நீலத்துக்கு மஞ்சள் எவ்வளவு, 49 லிட்டர் மஞ்சளுக்கு நீலம் எவ்வளவு என்பவையே அட்டவணையின் இரண்டு வெற்றுக் கட்டங்கள். இவற்றை நிரப்பப் பலரும் முதலில் எடுப்பது குறுக்குப் பெருக்கலை. நானோ அதைக் கடைசியாகவே எடுப்பேன்.

14-ஐ 15-ஆல் பெருக்கினால் 210. அதை 6-ஆல் வகுத்தால் 35. பலத்தை (இங்கே 14) இச்சையால் (15) பெருக்கிப் பிரமாணத்தால் (6) வகுக்கச் சொல்லும், ஆரியபட்டரின் திரைராசிகம் என்ற மூன்றெண் விதியும் இதே கணக்கைத்தான் செய்கிறது. எண்கள் எவ்வளவு முரடாக இருந்தாலும் விடை வந்துவிடும் என்பது குறுக்குப் பெருக்கலின் வலிமை. ஆனால் இடையில் வந்த 210 எதன் அளவு? அது நீலமும் அல்ல, மஞ்சளும் அல்ல. அதனாலேயே நடுவழியில் நேரும் பிழை கண்ணில் படுவதில்லை.

ஓரலகு முறையில் ஒவ்வொரு படிக்கும் பொருள் உண்டு. 4-க்கு 20 என்றால் 1-க்கு 5, ஆகவே 7-க்கு 35 என்று நொடியில் சொல்லிவிடலாம். நம் வண்ணக் கலவையிலோ ஒரு லிட்டர் நீலத்துக்கு 2.333... லிட்டர் மஞ்சள் வருகிறது, அதை 2.3 என்று வெட்டிவிட்டால் விடை 34.5 என்று பிசகும்.

இங்கே 6 : 14 என்பதை 3 : 7 என்று சுருக்கிக்கொள்வதே நல்லது. 15 என்பது 3-இன் 5 மடங்கு, ஆகவே மஞ்சள் 35. 49 என்பது 7-இன் 7 மடங்கு, ஆகவே நீலம் 21. முதலிரண்டு நிரல்களைக் கூட்டினாலும் மூன்றாவது வந்துவிடுவதைக் கவனியுங்கள்: 6-உம் 15-உம் 21, 14-உம் 35-உம் 49. ஒரே பச்சையின் இரண்டு வாளிகளை ஒன்றாக ஊற்றினாலும் நிறம் மாறாதல்லவா?

இதை, இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நீலம் 9 கூடியதால் மஞ்சளும் 9 கூடி 23 ஆகும் என்று எழுதுவதே மாணவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. முதலில் நீலத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்த மஞ்சள், இப்போது இரு மடங்கைக்கூட எட்டவில்லை. பச்சை நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி அதே எண்களை வேறொரு கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரே வேகத்தில் உழைக்கும் 6 பேர் 14 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? குறுக்குப் பெருக்கல் சற்றும் தயங்காமல் 35 நாள் என்கிறது. மடங்கு பார்க்கிறவரோ, ஆள் இரண்டரை மடங்கானால் நாளும் ஏன் இரண்டரை மடங்காக வேண்டும் என்று அங்கேயே நின்று, இது ஒன்று கூடினால் மற்றது குறையும் எதிர் விகிதம் என்று கண்டு, 6-ஐ 14-ஆல் பெருக்கி வரும் 84-ஐ 15-ஆல் வகுத்து 5.6 நாள் என்று எழுதுவார்.