ஈசிஎம் போச்சு என்றால்: புதுசா, புதுப்பேட்டையா, போர்டு ரிப்பேரா?

செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனரைச் செருகினால் என்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம் பதிலே சொல்வதில்லை, பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டியிலோ ‘யூ0100’ என்ற எரர் கோடு நிற்கிறது, அதாவது என்ஜின் ஈசிஎம்மோடு தொடர்பு அறுந்துவிட்டது. உடனே “ஈசிஎம் போச்சு சார்” என்பார்கள். புதுசு வாங்குவதா, சென்னையின் பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டையில் பழசு தேடுவதா, பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைப் பிரித்து ரிப்பேர் செய்வதா என்று அப்போது குழம்பாதவர்கள் குறைவு. என் ஓட்டு பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான். காரணம் அந்த ஈசிஎம் பெட்டி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தில் பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே இருக்காது. அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசிஎம்முக்குத் தெரிந்துவிடும். காற்றழுத்தம், கூலன்ட் சூடு, ஆக்ஸிலரேட்டர் எல்லாவற்றையும் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடும். பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இன்ஜெக்டரின் ஒரு முனைக்கு ரிலே வழியாக 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும், மறுமுனையை அந்தச் சில மில்லி செகண்டுக்கு எர்த்தில் இணைத்துவிடுவதுதான் ஈசிஎம் வேலை. அந்தக் கரண்டைச் சுமக்கும் டிரைவர் சிப்பும், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சப்ளை பகுதியும்தான் அதிகம் அடிவாங்கும். நடுவில் இருக்கும் பிராசஸர் தானாகச் சாவது அபூர்வம்.

போன வருஷம் மச்சான் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது ஈசிஎம்முக்கே ஆர்டர் போடச் சொல்லிவிட்டார்கள். மல்டிமீட்டரோடு போனேன். ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் எல்லாம் சரி. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் வயரில் 0.8தான் காட்டியது. ஒவ்வொரு சென்சார் சாக்கெட்டாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். ஏசி கேஸ் பிரஷர் சென்சாரைக் கழற்றியதும் மீட்டர் 4.98-க்குத் தாவியது. அந்த சென்சாரே உள்ளுக்குள் ஷார்ட் ஆகி 5 வோல்ட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, உண்மையிலேயே பெட்டிதான் போச்சு என்று வைத்துக்கொள்வோம். வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டர்தான். வாரண்டி முடிந்திருந்தால் புதுசு பல மாடல்களுக்கு ஐந்து இலக்கத் தொகை. மாட்டியதும் ஓடிவிடாது, சேஸிஸ் நம்பர், சாஃப்ட்வேர், சாவி என்று கம்பெனி டூல் வைத்துக் கோடிங் செய்ய வேண்டும். காமன் ரெயில் டீசலில் பல வண்டிகளுக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் இருக்கும் குறியீட்டையும் ஏற்ற வேண்டும்.

புதுப்பேட்டைப் பழசு விலையில் ஈர்க்கும், ஆனால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல்தானே என்று பிஎஸ்4 வண்டிப் பெட்டியை பிஎஸ்6-க்கு வாங்கினால் வீண். அப்புறம் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத எலக்ட்ரானிக் பூட்டு. அந்தப் பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன், செல்ஃப் அடிக்கும், வண்டி பிடித்து இரண்டு விநாடியில் அணையும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. உங்கள் பழைய போர்டின் மெமரி டேட்டாவைப் படித்து இதில் அப்படியே நகலெடுத்தால்தான், அதாவது க்ளோன் செய்தால்தான் வழி. அதோடு அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின! சாக்கெட் பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் கையில் கூடத் தொடாதீர்கள்.

ரிப்பேரில் இந்தத் தலைவலி இல்லை, சாவி, சேஸிஸ் நம்பர், இன்ஜெக்டர் குறியீடு எல்லாம் அதே போர்டில் அப்படியே இருக்கும். டிரைவர் சிப்போ கெபாசிட்டரோ மாற்றினால் முடிந்தது. ஆனால் ஆள் முக்கியம். கை வைப்பதற்கு முன் டேட்டாவை பேக்கப் எடுக்கிறாரா, மேஜையிலேயே சப்ளை கொடுத்து இன்ஜெக்டர் அவுட்புட்டை ஓட்டிக் காட்டுகிறாரா, இந்த இரண்டையும் கேளுங்கள். ஜெல் ஊற்றி மூடிய, பீங்கான் தகட்டில் முடியளவு கம்பி இழுத்த பெட்டிகளும் உண்டு. அவற்றில் சால்டரிங் அயர்ன் வைக்க இடமே இல்லை, அங்கே நான் ரிப்பேருக்குப் போக மாட்டேன், க்ளோன் செய்த பழசுதான்.

ரிப்பேருக்குப் போன பெட்டி தேறாமல் திரும்பினாலும் எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீர்கள். பல பெட்டிகளில் எட்டுக் கால் மெமரி சிப் ஒன்றில்தான் உங்கள் சாவியின் ரகசியம் இருக்கிறது, க்ளோன் எடுக்க அதுதான் மூலம்.