துணியை முன்கூட்டியே வாங்கி வைப்பதா, தைக்கும்போது வாங்குவதா?

குன்னூரில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் கோயம்புத்தூர் இறங்கினால் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பூப்போட்ட பருத்தி எதைப் பார்த்தாலும் 2 மீட்டர், 3 மீட்டர் என்று பையில் ஏறிவிடும். இன்னொரு வகையினர் டிசைன் முடிவான பிறகே கணக்குப் போட்டு வாங்குவார்கள்.

சேர்த்து வைப்பதிலும் நியாயம் இருக்கிறது. பிடித்த பிரிண்ட் அடுத்த முறை கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் சாயம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் இங்கே ஈரம் சும்மா விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பீரோவுக்குள் மடிப்பு ஓரமெல்லாம் கரும்புள்ளி விழுந்துவிடும், துவைத்தாலும் லேசில் போகாது.

அளந்து வாங்கினால் பணம் முடங்காது. என்ன, வெட்டும்போது கை தவறினால் மறுபடி மலை இறங்க வேண்டும்.

பிரிண்ட் துணியை அரை மீட்டருக்கு மேல் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. 44 அங்குல அகலத்தில் அதுவே 5 அங்குலச் சதுரம் 24 தரும். அடித்துணி விஷயம் வேறு. 60க்கு 80 அங்குலப் போர்வைக்கு, சுற்றிலும் 4 அங்குலம் கூடுதலாக விட்டு, இரண்டு நீளம் வெட்டி நடுவில் இணைத்தால் 4.5 மீட்டர் பிடிக்கும். நனைத்தால் சுருங்கும், அதனால் 5 மீட்டராகவே கேளுங்கள். ஓரப்பட்டிக்குத் தனியாக அரை மீட்டர். இவை இரண்டையும் டிசைன் முடிவான பிறகு வாங்கினால் போதும்.

வெள்ளைக் காடா மட்டும் விதிவிலக்கு. எந்த நிறத்தோடும் சேரும், மொத்தமாகவே வாங்கலாம். கஞ்சி இருந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அலசி, நன்றாக வெயிலில் காயவைத்து அப்புறம் மடியுங்கள்.