எலும்போடு அரைக்கும் கைமா மெஷின்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், மெஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 350, 400 என்று ஏதாவது இருக்கும். பெட்டியில் உள்ள பெரிய எண், உள்ளே கறியைத் தள்ளும் திருகு சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் முக்கும்போது இழுக்கிற கரண்ட். அந்த நிலையில் கொஞ்ச நேரம் விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். கறியை அரைப்பது தகட்டில் இருக்கும் சின்ன எண்தான். நாய்க்கு அரைக்க மெஷின் தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாட் கணக்கை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

நாங்கள் இருப்பது காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். வீட்டில் ஒரு ராஜபாளையம், இரண்டு சிப்பிப்பாறை. மூன்றும் சேர்ந்து 65 கிலோ வரும். வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் 2 முதல் 3 சதவீதம் பச்சைக்கறி என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. அந்தக் கணக்கில் நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், வாரத்துக்கு 11 கிலோ. எந்த மெஷின் என்று முடிவு செய்தது இந்த 11 கிலோதான். அரைக்காமல் துண்டாகவே போடலாமே என்றால், ராஜபாளையம் மெல்லாமல் முழுங்கும். சிப்பிப்பாறை இரண்டும் ஈரலை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கும். அரைத்துக் கலந்துவிட்டால் இந்தச் சேட்டை நடக்காது. மெஷின் வந்து இறங்கியதைப் பார்த்த எதிர்வீட்டு ஆச்சி, "நாயிக்குக் கோலா உருண்டையா பிடிக்கப் போறீக?" என்றார்கள்.

முதலில் வாங்கியது கையால் சுற்றும் 10-ஆம் நம்பர் வார்ப்பிரும்பு மெஷின் (நம்பர் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்). எலும்பில்லாத கறிக்கும் ஈரலுக்கும் இன்றைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். சத்தம் இல்லை, கரண்ட் வேண்டாம், கெட்டுப்போக அதில் ஒன்றும் கிடையாது. கோழிக் கழுத்தும் போகும். ஆனால் இரண்டு கிலோ தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இன்னொன்று, அதன் கிளாம்ப் மெல்லிய மேஜைக்கானது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடக்கும் தேக்கு மேஜையின் கனத்துக்கு அது வாயைத் திறக்காது. தனியாக ஒரு பலகை அடித்து அதில் மாட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது மச்சான் வீட்டில் சும்மா கிடந்த வீட்டு உபயோக எலெக்ட்ரிக் மெஷின். எலும்பும் அரைக்கும் என்று சொல்லித்தான் கடையில் விற்றிருக்கிறார்கள். கூட வந்த வாரண்டித் தாளில் எலும்பு போட்டால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. கோழிக் கால் போட்டதில் உள்ளே நைலான் பல்சக்கரம் மழுங்கிப் போனது. நைலான் சக்கரம் வைப்பதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஃபியூஸ் மாதிரி, அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஆனால் அந்தச் சக்கரம் தனியாகக் கிடைக்க வேண்டுமே? அந்தக் கம்பெனி கொடுப்பதில்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: பல்சக்கரம் எஃகா, நைலானா? நைலான் என்றால் மாற்றுச் சக்கரம் கையில் கொடுப்பார்களா?

இப்போது ஓடுவது மதுரையில் ஓட்டல் சாமான் விற்கும் கடையில் வாங்கிய 12-ஆம் நம்பர். எஃகு பல்சக்கரம், துருப்பிடிக்காத எஃகுத் தலை, ரிவர்ஸ் சுவிட்ச். ஒற்றை ஆளாகத் தூக்கி வைப்பது கஷ்டம்; பின்கட்டில் கருங்கல் மேடையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்க வேண்டாம். அது சிமெண்டில் செய்தது, ரத்தமும் கொழுப்பும் ஊறிக் கறையாகிவிடும்.

நம்பர் என்பது முன்னால் மாட்டும் துளைத் தட்டின் அளவு. 8 என்றால் தட்டின் விட்டம் சுமார் 62 மி.மீ., 12 என்றால் 70, 22 என்றால் 82. நம்பர் கூடக் கூடக் குழாயின் வாயும் அகலம். எங்கள் 12-இல் கோழிக் கழுத்து முழுசாக இறங்கும், முதுகை மட்டும் கத்தியால் பிளக்க வேண்டும். 22 வாங்கியிருந்தால் முதுகும் அப்படியே போகும். ஆனால் 11 கிலோவுக்கு அது பெரிய மெஷின், கழுவுவதற்குள் மூச்சு வாங்கும். எலும்போடு அரைக்க 8 அல்லது 10 மி.மீ. துளைத் தட்டு போதும். 3 மி.மீ. தட்டில் எலும்பு போட்டால் துளை அடைத்து, கறி சூடேறிக் கூழாக வழியும்.

கூழாக வருவதற்கு மெஷின் காரணமாக இருப்பது குறைவு. பாதி நேரம் கறி குளிர்ச்சியாக இருக்காது. சித்திரை வெயிலில் இங்கே காலை எட்டு மணிக்கே கோழித்தோல் தளர்ந்து கத்தியில் சுற்றிக்கொள்ளும். கழுத்துத் தோல்தான் இதில் மோசம். நான் முதல் நாள் இரவே துண்டு போட்டு ஃப்ரீசரில் பரப்பி வைத்துவிடுவேன். விடியற்காலையில் எடுக்கும்போது வெளியே விறைத்து நடுவில் கத்தி இறங்குகிற பதத்தில் இருக்க வேண்டும். கல்லாக உறைந்ததைப் போட்டாலும் பல்சக்கரம் திணறும். திருகு, கத்தி, தட்டு மூன்றையும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: கறி தனித்தனிப் புழுவாக உதிரும்.

மீதிக் காரணம் கத்தி. நான்கு கை உள்ள அந்தக் கத்தியின் தட்டையான பக்கம் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எத்தனை வாட் மோட்டாரும் நசுக்கத்தான் செய்யும். எலும்பு அரைத்தால் முனை சீக்கிரம் மழுங்கும். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். காய் நறுக்கும் கத்திக்கு அவர் கை நல்லதுதான், இதில் நான்கு முனையும் ஒரே மட்டத்தில் தட்டில் படிய வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் நைசான உப்புத்தாளை வைத்துத் தண்ணீர் விட்டு, கத்தியையும் தட்டையும் வட்டமாகத் தேய்த்தால் வீட்டிலேயே சரியாகும். தேய்ந்து மெலிந்தால் லேத் பட்டறை, அதற்கும் மேல் புதுக் கத்தி. இத்தனை காலத்தில் இந்த மெஷினில் நான் மாற்றிய பாகம் கத்தி மட்டும்தான்.

சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர் இது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுத்துச் சூடாகும். அதனால் அரைக்கிற வேலை விடியற்காலையில்தான். ஈயும் அப்போது வராது. 15 ஆம்ப் பிளக்கும் எர்த்தும் கட்டாயம்.

கழுவுவதில் ஒரு சின்ன உபாயம்: கடைசியில் பரங்கிக்காய்த் துண்டுகளைப் போட்டு ஓட்டினால் உள்ளே தங்கிய கறியைத் தள்ளிக்கொண்டு வரும், அதுவும் நாய்ச் சாப்பாட்டிலேயே சேரும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி வெந்நீரும் சோப்பும். அலுமினியத் தலை உள்ள மெஷினைக் காரமான சோப்புத்தூளில் ஊற வைத்தால் கறுத்து, தொட்டால் கையில் சாம்பலாக ஒட்டும். வார்ப்பிரும்பில் வெள்ளீயப் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு வரும். துடைத்துக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வீட்டுக் கோலா உருண்டைக்கு இந்த மெஷினைத் தொடக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. நியாயமானதுதான், கறிக்கு மிக்ஸி இருக்கிறது.

என்ன போடுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: எலும்பு கழித்துக் கறி எட்டுப் பங்கு, எலும்பு ஒரு பங்கு, ஈரலும் மற்ற உள்ளுறுப்பும் சேர்த்து ஒரு பங்கு, அதில் ஈரல் பாதி. ஈரல் அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிஞ்சும். கழுத்து, முதுகு, கால் போன்ற கோழி எலும்பு மட்டும், அதுவும் பச்சையாக. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆட்டுத் தொடை எலும்பு மெஷினுக்கும் ஆகாது, நாயின் பல்லுக்கும் ஆகாது. மலம் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டு நுரையீரலும் ஈரலும் கறிக்கடையில் கிடைக்கும். ஆனால் பச்சையாகப் போட மாட்டேன், வேகவைத்துத்தான். அவற்றில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்து நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் அந்தப் புழு வளரும். புழுவின் முட்டை நாயின் மலம் வழியாக நம் வாய்க்குப் போனால் நம் ஈரலில் கட்டி வரும். கோழியில் சால்மோனெல்லா இருந்தால் ஃப்ரீசர் அதைக் கொல்லாது, தூங்க வைக்கும். எங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் பச்சைக்கறியே பிடிக்காது. புழு மருந்து தேதியை மட்டும் தவறவிடாதீர்கள் என்று சொல்லி விட்டுவிட்டார். கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய் மருந்து எடுப்பவரோ இருக்கும் வீட்டில் நானும் இதைச் சொல்ல மாட்டேன். வேகவைத்த கறியும் சோறும் போடுங்கள்.

ஒரே ஒரு நாய், அதுவும் பத்துக் கிலோவுக்குள் என்றால் மெஷினே வேண்டாம். கோழிக்கடையில் நாய்க்கு என்று சொன்னால் கழுத்தைக் கட்டையில் வைத்துப் பொடியாகக் கொத்தித் தருவார்கள். கூட்டம் இல்லாத நாளில் போங்கள்.