முகமது அலி மையம், லூயிவில்: குத்துப்பையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், வடக்கு ஆறாம் தெருவில், ஒஹாயோ ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது, குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வாழ்க்கையைச் சொல்லும் இந்த அருங்காட்சியகம். 2005 நவம்பரில் திறந்தார்கள். குத்துச்சண்டைப் பிரியர்களுக்குத் தீனி உண்டு. ஆனால் டிக்கெட் காசுக்கு முழு மதிப்பு கிடைப்பது, வியட்நாம் போரின்போது கட்டாய ராணுவ சேவையில் சேர அலி மறுத்ததைச் சொல்லும் பகுதியில்தான்.

லிஃப்டில் நேராக ஐந்தாம் தளத்துக்குப் போய், அறிமுகப் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வர வேண்டும். பிள்ளைகளோடு வருபவர்கள் முதலில் பயிற்சிப் பகுதியில் புகுந்து குத்துப்பையிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு வாசிக்கப் பொறுமை இருக்காது. வாசிக்க இங்கே நிறைய உண்டு. இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தவறவிடக் கூடாதது, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய 1950களின் உணவகக் கவுன்டர். கிட்டே போனால், உங்களுக்கெல்லாம் இங்கே சாப்பாடு கிடையாது என்று ஒரு குரல் விரட்டும். 1960இல் ரோம் ஒலிம்பிக் தங்கத்தோடு திரும்பியவருக்கும் சொந்த ஊரில் இந்த மரியாதைதான். (கோபத்தில் பதக்கத்தை ஆற்றில் வீசினார் என்பதை நம்ப வேண்டாம்; தொலைந்துபோனது என்றே நெருங்கியவர்கள் சொன்னார்கள்.)

தன்னம்பிக்கை, கொள்கையுறுதி, ஈகை என்று ஆறு பண்புகளின் கீழ் காட்சிகளைப் பிரித்திருக்கிறார்கள். பெரிய குறை அதுதான். காலவரிசை குலைந்துவிடுவதால், எது எதற்கு விளைவு என்பது பிடிபடாது. வழக்கின் தேதிகளையாவது தெரிந்துகொண்டு போங்கள். 1964இல் எழுத்துத் தேர்வில் தேறாததால் ராணுவம் அவரை ஒதுக்கியது. 1966இல் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்ததும் தகுதியானவர் ஆனார். அந்த ஆகஸ்டில், மனசாட்சியின்படி மறுக்கிறார் என்ற மனுவை லூயிவில்லிலேயே விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி, அலி சொல்வது உண்மை என்று பரிந்துரைத்தார். நீதித்துறை அமைச்சகம் அதை ஏற்கவில்லை. 1967 ஏப்ரல் 28இல் ஹியூஸ்டனில் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப் பெயர் சொல்லி அழைத்தபோது அலி முன்னே வரவில்லை. உலகச் சாம்பியன் பட்டம் பறிபோனது, ஜூன் 20இல் ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. மூன்றரை ஆண்டுகள் சண்டையில்லாமல் போனது.

1971 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று விடுவித்ததைப் போருக்கு எதிரான தீர்ப்பாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நடைமுறைக் கோளாறு. அலியின் மனுவை நிராகரித்த ராணுவ ஆள்சேர்ப்பு மேல்முறையீட்டு வாரியம் காரணமே சொல்லவில்லை. அரசு முன்வைத்த மூன்று காரணங்களில் இரண்டு நிற்காது என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எந்தக் காரணத்துக்காக நிராகரித்தார்கள் என்பது தெரியாததால் தண்டனை ரத்தானது.

நேரமிருந்தால், நகரின் மேற்குப் பகுதியில் கிராண்ட் அவென்யூ 3302ஆம் எண்ணில் உள்ள இளஞ்சிவப்பு வீட்டை வெளியிலிருந்து பாருங்கள். அலி வளர்ந்த வீடு. கறுப்பினத்தவர் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1967 மார்ச்சில் இந்த ஊரில் போராட்டம் நடந்தபோது, மார்ட்டின் லூதர் கிங்கும் அலியும் லூயிவில்லில் சந்தித்தார்கள். மையத்திலிருந்து காரில் போவது வசதி.