அணுகல்தன்மை ஆலோசகர் தேடுகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நான்கு லட்சம். போயே போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தது தங்க முத்திரை போட்ட ஒரு பிடிஎஃப்.

பார்வையற்றவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. இதைத்தான் அணுகல்தன்மை என்கிறார்கள். ஆலோசகர்களைப் பட்டியலிடும் ஒரு தளத்தில் ஐந்து நட்சத்திரத்தோடு முதலில் நின்றவர்களைப் பிடித்தோம். பெயர் சொல்லவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க இப்போது தெம்பில்லை.

நம்ப வைத்தது டெமோதான். எங்கள் முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரி கோடு சேர்த்தார்கள். ஓரத்தில் ஒரு பட்டன், அதாவது ‘விட்ஜெட்’, முளைத்தது. அழுத்தினால் எழுத்து பெரிதாகிறது, நிறம் மாறுகிறது, ஒரு குரல் பக்கத்தைக் கணீரென்று வாசிக்கிறது. "ரெண்டே நாள்ல டபிள்யூசிஏஜி 2.2 டபுள் ஏ வந்துடும் மேடம், சர்டிஃபிகேட்டும் உண்டு. எங்க டீம்லயே பார்வையற்ற டெஸ்டர்ஸ் இருக்காங்க" என்றார் அந்த மனிதர். (டபிள்யூசிஏஜி என்பது இணையதளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி இருக்கச் சொல்லும் சர்வதேச நெறிமுறை, டபுள் ஏ அதில் ஒரு நிலை.) எங்கள் இயக்குநர் அங்கேயே தலையாட்டிவிட்டார். நான்கு லட்சமும் முன்பணமாகப் போனது.

அப்புறம் ஒரு பார்வையற்ற பயனர் எழுதினார். பதிவுப் படிவத்தில் எது பெயர், எது தொலைபேசி என்றே அவருடைய என்விடிஏ (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்) சொல்லவில்லையாம். தேதிக் கட்டத்துக்குள் போன டேப் கீ வெளியே வரவில்லையாம். "எனக்குத்தான் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறதே, உங்கள் குரல் எதற்கு? இரண்டும் சேர்ந்து கத்துகின்றன" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

அதன் பிறகுதான் எங்கள் தளத்தைச் சோதித்ததாக அவர்கள் தந்த ஆடிட் அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். தானியங்கிக் கருவி துப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தின் மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்க வேண்டிய விவரிப்பு, ‘பேனர் புதுசு 2’. அதற்கும் தேர்ச்சி! மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அதில் பொருள் இருக்கிறதா என்று மனிதர்தானே பார்க்க வேண்டும்?

கேட்டால் வந்த பதில்கள் இவை. அந்தப் பயனரின் என்விடிஏ பழையது. (இலவச மென்பொருள், அவரிடம் இருந்தது புதிய பதிப்பு.) படிவம் ஒப்பந்தத்தில் இல்லை. டெஸ்டரோடு பேச முடியாது, ரகசியம். பிறகு ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு புகார் டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். பட்டியல் தளமோ, "சேவை வழங்கப்பட்டுவிட்டது, பணம் திரும்பாது" என்றது. நான் எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனம் இன்னும் ‘பரிசீலனையில்’. நான்கு லட்சத்துக்கு!

அந்தச் சான்றிதழ்தான் உச்சம். டபிள்யூசிஏஜி நெறிமுறைகளை வெளியிடும் டபிள்யூ3சி என்ற சர்வதேச அமைப்பு எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் தருவதில்லை. ஒற்றை வரி விட்ஜெட் எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜிக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விற்ற ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. இவர்கள் இன்னும் அதையே விற்கிறார்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. விட்ஜெட் என்று ஆரம்பித்தால் போனை வையுங்கள். பழைய ஆடிட் அறிக்கை ஒன்றை, பெயர்களை மறைத்தாவது, காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துபவர் உங்கள் படிவத்தை நிரப்புவதை நேரில் பாருங்கள், முகப்புப் பக்கம் போதாது. எந்தெந்தப் பக்கங்கள், திருத்திய பின் மறுசோதனை உண்டா, இரண்டும் எழுத்தில் வேண்டும். பணம் தவணையாக மட்டும்.

அந்த ஐந்து நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.