தேர்ச்சி விகிதமா, முன்னேற்றப் புள்ளியா?

இங்கிலாந்தில் 2015 வரை இடைநிலைப் பள்ளிகளை எடைபோட்ட முதன்மைக் கணக்கு இதுதான்: ஆங்கிலம், கணிதம் உட்பட பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களில் ‘சி’ கிரேடு அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம்? பெற்றோருக்கு எளிதில் புரிந்தது. ஆனால் பள்ளிகளின் கவனம் ‘டி’க்கும் ‘சி’க்கும் நடுவில் தத்தளித்தவர்கள் மீதே குவிந்தது. முதல் மாணவனும் கடைசி மாணவனும் சதவீதத்தை மாற்றப் போவதில்லையே!

2016இல் வந்த ‘புராகிரஸ் 8’ என்ற முன்னேற்றக் கணக்கு, பதினொரு வயதில் அதே நிலையில் இருந்த பிற மாணவர்களோடு ஒப்பிட்டு, எட்டுப் பாடங்களில் பள்ளி தன் மாணவர்களை எவ்வளவு முன்னேற்றியது என்று பார்க்கிறது. என் ஓட்டு இதற்கே. வீட்டு வறுமையைக் கணக்கில் கொள்ளாதது பெரிய குறைதான். தவிர, கொரோனாவால் 2020, 2021இல் தொடக்கப் பள்ளித் தேர்வுகள் நடக்கவில்லை. அதனால் அந்த மாணவர்கள் பதினாறு வயதுத் தேர்வை எழுதும் 2025, 2026ஆம் ஆண்டுகளுக்கு, ஒப்பிடப் பழைய மதிப்பெண் இல்லாததால், இதைக் கணக்கிட வழியில்லை.